கடலுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு

“திருடன்னு இன்னொரு வாட்டி சொன்னே—”

“திருடனைத் திருடன்னு சொல்லாம, மகானேன்னா கூப்பிடுவாங்க?”

“—இதே ஏரியில உன்னைத் தள்ளி—”

“தள்ளுய்யா! படத்தைத் திருடியாச்சு, இனி ஆளையும் தள்ளு!”

“—மொதல்ல பெடலை முன்னால மிதி!”

“நீதான் பின்னால மிதிக்கிற! அதான் சுத்துது!”

ஏற்காடு ஏரியின் நடுவில் ஒரு பெடல் படகு செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் சேலத்தில் ஒரே பொறியியல் கல்லூரியில், ஒரே ஸ்டாஃப் ரூமில், ஒரே ஃபேனுக்கு அடியில் உட்காரும் லெக்சரர்கள். கண்ணாடி போட்டவர் அங்கப்பன். தொப்பி போட்டவர் குழந்தைவேல். அவர்கள் போட்ட கூச்சல் எதிர்மேட்டில் மோதித் திரும்பி வந்து அடுத்த கூச்சலின் தலையில் ஏறி உட்கார்ந்தது. கரைக்கு வந்து சேர்ந்தபோது அதில் ஒரு வார்த்தைகூட உருப்படியாக இல்லை.

“அக்கா, இந்த ரெண்டு பேரையும் எதுக்கு ஒரே படகுல ஏத்தினீங்க?” என்றான் மரியஅந்தோணி, மிளகாய் பஜ்ஜியை ஊதிக்கொண்டே.

“தனித்தனியா ஏத்தினா ஒருத்தன் அந்தக் கரையில எறங்கி பஸ் புடிச்சிருவான், கண்ணு. இப்பப் பாரு, ரெண்டு பேரும் ஒத்துப்போனாத்தான் கரைக்கே வர முடியும்.”

“அப்ப இன்னைக்கு வர மாட்டாங்க.”

பூவாயி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்காதே என்று சர்க்கார் அவருக்கு மாசாமாசம் சம்பளம் கொடுத்தது. ரிட்டயரானதும் அதையே தொழிலாக்கிக்கொண்டு, சேலத்தில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிவிட்டார். மரியஅந்தோணி அவருடைய உதவியாளன், டிரைவர், தேவைப்பட்டால் சாட்சி. தேவைப்படாதபோது வாய்.

இன்றைய கேஸ் அங்கப்பன் கொண்டுவந்தது. தண்ணீருக்குள் ஒயர் இல்லாமல் செய்தி அனுப்புவது எப்படி என்று ஆராய்ச்சி செய்து, கட்டுரை எழுதி, மெட்ராஸில் நடக்கப்போகிற மாநாட்டுக்கு அனுப்பியிருந்தார். அதே வாரம் அதே மாநாட்டுக்குக் குழந்தைவேலின் கட்டுரையும் போய்ச் சேர்ந்தது. வார்த்தைகள் வேறு. படங்கள் மட்டும் மயிரிழை பிசகாமல் ஒன்று. மாநாட்டுச் செயலாளர் ஒரு கண்டிப்பான அம்மாள். இரண்டு பேருக்கும் போன் போட்டு ஒரே வாக்கியம்தான் சொன்னார். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் இது யாருடைய வேலை என்று ஆதாரத்தோடு சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் குப்பைக்கூடைக்குப் போகும்.

அங்கப்பனுக்குக் கல்லூரியில் தற்காலிக வேலை. கட்டுரை மாநாட்டில் ஏறினால் வேலை நிரந்தரம். ஏறாவிட்டால் இந்த மாசத்தோடு சரி. பூவாயியின் ஆபீசில் இதைச் சொல்லும்போது மனுஷர் நிஜமாகவே அழுதார்.

“எம்பட ஊட்டுக்காரர் ராத்திரிக்கும் படகுலயே தங்கிருவாராட்ட இருக்குதுங்க” என்றாள் பக்கத்தில் குடையோடு நின்ற ராசம்மாள்.

அங்கப்பனின் மனைவி. மலைக்கிராமமான மாரமங்கலத்துப் பெண். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு ஏற்காட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சராக இருக்கிறாள். அவள் மலைமேல் குவார்ட்டர்ஸில், அவர் கீழே சேலத்தில். இருபது கொண்டை ஊசி வளைவு குறுக்கே இருப்பதால்தான் குடும்பம் சண்டையில்லாமல் ஓடுகிறது என்று அவளே அந்தோணியிடம் சொல்லியிருந்தாள்.

அவள் குடையை மடக்கினாள். வாயருகே கையைக் குவித்தாள்.

“ஏனுங்க!”

நிறுத்தினாள். ஏரி அதை ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கட்டும் என்று விட்டாள்.

“காலை!”

மறுபடி நிறுத்தினாள்.

“எடுங்க!”

மூன்றும் சுத்தமாகப் போய்ச் சேர்ந்தன. அங்கப்பன் பெடலிலிருந்து காலை எடுத்தார். குழந்தைவேல் மட்டும் மிதிக்க, படகு முனகிக்கொண்டே கரைக்கு வந்தது.

“அட, டீச்சரம்மா குரலுக்குத் தனி லைன் போட்டுக் குடுத்திருக்காங்க போல” என்றான் அந்தோணி.

பூவாயி அவனைப் பார்க்கவில்லை. ராசம்மாளைத்தான் பார்த்தார்.

இறங்கியதும் இறங்காததுமாகக் குழந்தைவேல் ஆரம்பித்தார். “மேடம், நான் மண்டபத்துக் கடல்ல அளந்தேன். கடல்! இந்தக் குட்டை எனக்கு எதுக்குங்க?”

“அப்புறம் ரெண்டு படமும் எப்படிங்க ஒண்ணாருக்குது?”

“விஞ்ஞானம் எல்லா எடத்துலயும் ஒண்ணுதானுங்களே?”

“இட்லியும் எல்லா எடத்துலயும் ஒண்ணுதானுங்க சார்” என்றான் அந்தோணி. “ஆனா எங்கம்மா இட்லியில இருக்கிற விரல் தடம் பக்கத்து ஊட்டு இட்லியில இருந்தா, சட்டி எங்க ஊட்டுதுன்னு அர்த்தம்.”

பூவாயி இரண்டு கட்டுரைகளையும் படகு டிக்கெட் கவுண்டரின் மேல் விரித்தார்.

“எனக்கு இங்கிலீசு பத்தாது. மூணாவது படம் என்னன்னு மட்டும் சொல்லுங்க.”

“அதுங்களா” என்று அங்கப்பன் மூச்சு விடாமல் தொடங்கினார். “ரேடியோ அலை தண்ணிக்குள்ள போகாதுங்க, நாலடியில செத்துரும், அதனால சத்தமாத்தான் அனுப்பணும், டொக் டொக்னு தந்தி மாதிரி, ஆனா சத்தம் அடியில மோதும், மேல மோதும், எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து குழம்பிரும், அதுக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவுல இடைவெளி விட்டு—”

“சார், நீங்களும் கொஞ்சம் இடைவெளி விட்டீங்கன்னா எனக்கும் புரியும்” என்றான் அந்தோணி.

“மூணாவது படம்” என்றார் பூவாயி.

“அது நாம ஒண்ணும் அனுப்பாதப்பவும் தண்ணிக்குள்ள இருக்கிற சத்தமுங்க. நாள்வாரியா.”

பூவாயி விரலை வைத்து வருடினார். தினமும் சாயங்காலம் ஒரு சின்ன மேடு. ஆறு மேடு வந்தது. பிறகு ஒரு நாள் சப்பை. மறுபடி ஆறு மேடு, மறுபடி சப்பை.

“இந்த மேடு என்னங்க?”

“அலை” என்றார் குழந்தைவேல் சட்டென்று.

“அது... ஏரியோட இயற்கைச் சத்தமுங்க” என்றார் அங்கப்பன், கொஞ்சம் தாமதமாக.

அந்தோணி பஜ்ஜிக் காகிதத்தைக் கசக்கினான். “ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு. ஆண்டவர் உலகத்தைப் படைச்சப்ப அப்படித்தான் செஞ்சாரு. ஆனா கடலுக்கும் லீவு குடுத்தாருன்னு எங்க சாமியார் சொன்னதில்லியே. கடலம்மா என்ன, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிருதா? நானே ஒழுங்காப் போறதில்லை.”

குழந்தைவேல் தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இந்த ரெண்டு பேரையும் இங்கயே உக்கார வையுங்க டீச்சரம்மா” என்றார் பூவாயி. “அந்தோணி, வா. வாரத்துல ஒரு நாள் லீவு போடற சத்தம் இந்த ஏரியில எதுன்னு பார்த்துட்டு வரலாம்.”

*

“படகா இருக்குமுங்களா அக்கா?”

“படகுக்கு ஏது லீவு? ஞாயித்துக்கிழமைதான் கூட்டமே. அன்னைக்கு மேடு மலையாட்ட ஏறணும். படத்துல அப்படி ஒரு மேடும் இல்லை.”

“ஸ்கூல் மணி?”

“சாயங்காலம் எவன் அடிக்கிறான்?”

“சலூன்! செவ்வாக்கிழமை லீவு!”

“கத்திரிக்கோல் சத்தம் ஏரிக்கு அடியில கேக்குதுன்னா, அது முடி வெட்டறதில்லை அந்தோணி, கழுத்து வெட்டறது. நட.”

கரையோரமாகவே நடந்தார்கள். நாணல் அடர்ந்த மூலையில் அந்தோணி தடுக்கி விழுந்தான். விழுந்தவன் எழவில்லை.

“அடிபட்டுருச்சா கண்ணு?”

“எனக்கில்லீங்க. துப்பு கால்ல அடிபட்டுருச்சு. இங்க பாருங்க.”

கணுக்கால் தடிமனுக்கு ஓர் இரும்பு பைப்பு. ஒரு முனை ஏரித் தண்ணீருக்குள் முங்கியிருந்தது. மறுமுனை உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்து மேலே ஏறியது. பூவாயி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பைப்பின் பின்னாலேயே போனார். அது ஒரு காப்பி எஸ்டேட்டின் தகரக் கொட்டகையில் முடிந்தது. உள்ளே சிமெண்டு மேடையில் ஒரு டீசல் எஞ்சின் சாக்குப் போர்த்திக்கொண்டு தூங்கியது. வாசலில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் செல்லப்பனும் தூங்கினார்.

“ஏனுங்க ரைட்டரே!”

செல்லப்பன் தூக்கத்திலேயே எழுந்து நின்றார். “நான் தூங்கலீங்க. கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தனுங்க.”

“எஞ்சினும் யோசிக்குதுங்களா?” என்றான் அந்தோணி.

“இதுங்களா? பல்பர் எஞ்சினுங்க. பறிச்சாந்த காப்பிப் பழத்தை அன்னன்னைக்கே தோலுரிச்சாகணும், வெச்சா புளிச்சுப் போயிரும். தண்ணி ஏரியிலிருந்துதான் இழுக்கறது. ஓட ஆரம்பிச்சுதுன்னா பைப்பெல்லாம் கிடுகிடுன்னு ஆடுமுங்க. ஏரி மீனுக்கெல்லாம் பல்லு கூசும்.”

“சாயங்காலத்துல ஓடுமுங்களா?”

“ஆமாங்க. பழம் பறிக்கிறவங்க கூடையை எறக்கின அப்புறமேல்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் கிடையாதுங்க. அன்னைக்கு எல்லாரும் ஒண்டிக்கடைப் பக்கம் சந்தைக்குப் போயிருவாங்க. நான் மட்டும் யோசிச்சிட்டிருப்பேன்.”

அந்தோணி எம்பிக் குதித்தான். “அக்கா! மாட்டிக்கிட்டான் தொப்பி! மண்டபத்துக் கடல்ல எந்த எஸ்டேட்டுங்க காப்பி உரிக்குது? சுறாவா உரிக்குது?”

“இரு” என்றார் பூவாயி. எஞ்சினைச் சுற்றி வந்தார். சாக்கின் ஓரத்தைத் தூக்கினார். உள்ளே எலி ஒன்று நிதானமாக அவரைப் பார்த்துவிட்டு நகர்ந்தது. “ரைட்டரே, இதைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன். சத்தம் எப்படியிருக்குதுன்னு கேக்கலாம்.”

“நல்லாச் சொன்னீங்க போங்க. ஆவணி மாசத்துல ஏதுங்க பழம்? கார்த்திகையில எடுத்தா தை மாசத்தோட முடிஞ்சுது. அப்புறம் சாக்கைப் போத்திட்டா மறு கார்த்திகை வரைக்கும் எலி பிரசவ ஆஸ்பத்திரிதானுங்க இது.”

“சித்திரை, வைகாசியில?”

“பூவுதான் பூத்து முடிஞ்சிருக்கும். பூவை உரிக்க முடியுமுங்களா?”

பூவாயி சாக்கை மறுபடி போர்த்திவிட்டார், குழந்தைக்குப் போர்த்துவதுபோல.

“ஏனுங்கக்கா மூஞ்சி இப்படிப் போகுது? நாம ஜெயிச்சுட்டோம்.”

“ஆமா கண்ணு. கொஞ்சம் அதிகமாவே ஜெயிச்சுட்டோம்.”

*

ஒண்டிக்கடை எஸ்.டி.டி. பூத்தில் ஒரு ஆள் நிற்கலாம். அன்றைக்கு ஐந்து பேர் நின்றார்கள். பூத்துக்காரர் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கே போய்விட்டார். கடிகாரத்தில் ஐந்துக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி.

பூவாயி பைப்பையும் எஞ்சினையும் சந்தையையும் சொல்லி முடித்தார்.

“சொல்லுங்க குழந்தைவேல் சார்” என்றான் அந்தோணி. “உங்க கடல் எந்தச் சந்தைக்குங்க போகுது?”

குழந்தைவேல் கண்ணாடிக் கதவு வழியாக மலையைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஸ்டாஃப் ரூம் மேசை மேல கிடந்துச்சுங்க. ஜெராக்ஸ்காரன் சும்மா உக்காந்திருந்தான். ஒரு ஆசைதான்.”

“கேட்டீங்களா! கேட்டீங்களா!” அங்கப்பன் கண்ணாடிக் கதவில் குத்தினார். “அப்பவே சொன்னேன்! போனைப் போடுங்கம்மா மெட்ராசுக்கு, நான் பேசறேன், நானே பேசறேன், என் கட்டுரை, என் ஏரி, என்—”

“போடறேங்க. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. எந்த மாசம் அளந்தீங்க?”

“கட்டுரையிலயே இருக்குதுங்களே. மே மாசம். அதுக்குன்னே காலேஜ்ல தனி லீவு குடுத்தாங்க.”

“மே மாசமா?” குழந்தைவேலுக்குத் திடீரென்று உயிர் வந்தது. “ஏங்க, மே மாசம் பூரா இவன் அடிவாரத்துப் பக்கமே வரலீங்க! சேலத்துல அவங்க அண்ணன் மாம்பழ மண்டியில நின்னு ஏலம் கூவிட்டிருந்தான்! நானே ரெண்டு கூடை எடுத்தேன். அதுல ஒண்ணு அழுகல்!”

அங்கப்பன் கதவிலிருந்து கையை எடுத்தார்.

“மே மாசம் அந்த எஞ்சினுக்குள்ள எலி குடியிருந்துச்சுங்க” என்றார் பூவாயி. “கார்த்திகை, மார்கழி, தைதான் அது ஓடினது. அந்த மேடு என்னன்னு கேட்டேன், இயற்கைச் சத்தம்னீங்க. ஏன்னா நீங்க அதைக் கேட்டதே இல்லை. அந்த மாசமெல்லாம் நீங்க மலைக்கு என்னைக்குங்க வருவீங்க?”

அங்கப்பன் ராசம்மாளைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமைங்க” என்றாள் ராசம்மாள். “ஞாயித்துக்கிழமை மட்டும்தானுங்க வருவாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு கடைசி பஸ்ஸுக்குப் போயிருவாரு.”

அந்தோணி தலையைச் சொறிந்தான். “அக்கா, பீஸ் குடுக்கறவரையே புடிச்சா நாம எப்படிங்க பொழைக்கிறது?”

“சும்மா இரு. டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க.”

“என்னத்தைங்க சொல்றது? மைக்கைத் தண்ணியில போட்டு சத்தத்தைப் பதிஞ்சு வைன்னாரு. பள்ளிக்கூடம் விட்டதும் போட்டேன், ஞாயித்துக்கிழமையில இவரை பஸ் ஏத்தி விட்டுட்டுப் போட்டேன். அப்புறம் நானே டொக் டொக்னு எழுத்து அனுப்பிப் பார்த்தேன், முதல்ல எல்லாம் கூழாயிருச்சு. எங்க மாரமங்கலத்துல இந்த மேட்டுல நின்னு அந்த மேட்டு ஆளைக் கூப்பிடுவோமுங்க. ஒரு சொல்லு கூப்பிடணும், மலை சொல்லி முடிக்கணும், அப்புறம் அடுத்த சொல்லு. நடுவுல பேசினா மலைக்குக் கோவம் வந்துரும்னு எங்கப்பன் சொல்லுவாரு. ஏரியும் அப்படித்தானே இருக்கும்னு தோணுச்சு. எழுத்துக்கு எழுத்து விட்டு அனுப்பினேன். போய்ச் சேர்ந்துச்சு. எவ்வளவு விடணும்னு கணக்குப் போட்டு, எழுதி, இவர்கிட்டக் குடுத்தேன்.”

“அது உதவி!” என்றார் அங்கப்பன். “ஊட்டுல பொண்டாட்டி செய்ற உதவிங்க அது. உதவி பண்றவங்க பேரையெல்லாம் போடறதுன்னா எனக்கு டீ வாங்கியாந்தவன் பேரையும்—”

“இவரைக் கேட்டேனுங்க” என்றாள் ராசம்மாள் பூவாயியிடம், புருஷன் அங்கே இல்லாததுபோல. “என் பேரையும் போடுங்கன்னு. கட்டுரையில புருஷன் பொண்டாட்டி பேரைப் போட்டா கல்யாணப் பத்திரிகையாட்ட இருக்கும், மொய் வெச்சிட்டுப் போயிருவாங்கன்னு சிரிச்சாரு.”

குழந்தைவேல் தொடையைத் தட்டினார். “அப்படின்னா நான் திருடினதே திருட்டுப் பொருளா! அடேய் அங்கப்பா! உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கவே வேண்டியதில்லைடா!”

“நீ பேசாதே!”

“நீ பேசாதே! டீச்சரம்மா, உங்ககிட்ட வேணும்னா கேக்கறேனுங்க.”

“நீங்க அப்புறமேல் கேளுங்க. வரிசையில ஒருத்தர் முன்னால இருக்காரு” என்றாள் ராசம்மாள்.

அங்கப்பன் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கியிருந்தது. “ராசு, இங்க பாரு. மே மாசம் நான் இங்க இல்லைன்னு தெரிஞ்சா காலேஜ்ல என்னை வெச்சிருக்க மாட்டாங்க. இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்க. வேலை நிரந்தரமாகட்டும். அடுத்த கட்டுரையில உம் பேரை மொதல்ல போடறேன்.”

“அடுத்த கட்டுரையை யாருங்க எழுதறது?”

அந்தோணி வாயைப் பொத்திக்கொண்டான். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

பூவாயி எண்ணைச் சுழற்றினார். பழைய விரல், ஒரே தடவையில் லைன் கிடைத்தது. மெட்ராஸ் அம்மாளிடம் பைப்பையும் பல்பரையும் ஞாயிற்றுக்கிழமையையும் பழக் காலத்தையும் வரிசையாகச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. பூவாயி பதில். இன்னொரு கேள்வி. பதில். கடைசியில் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. கண்டிப்பான ஆட்கள் எப்போதாவது சிரிக்கும் சிரிப்பு.

“அந்தம்மா ஒத்துக்கிட்டாங்க” என்றார் பூவாயி. “அளந்தது இந்த ஏரியிலதான், பழம் பறிக்கிற மாசத்துலதான். மே மாசத்தை அடிச்சுட்டா கட்டுரை ஏறிரும். குழந்தைவேல் சாரோடது கூடைக்குப் போகுது. இனி பேர் ஒண்ணுதான் பாக்கி. பக்கத்துலயே பேனாவோட உக்காந்திருக்காங்க.”

“எங்கிட்டக் குடுங்க!” அங்கப்பன் கையை நீட்டினார்.

பூவாயி ரிசீவரை அந்தக் கைக்கு மேலாகக் கொண்டுபோய் ராசம்மாளிடம் கொடுத்தார்.

ராசம்மாள் காதில் வைத்துக் கேட்டாள். “ஆமாங்க... பக்கத்துலதானுங்க இருக்காரு” என்றாள். பிறகு ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். பூத்தின் மீட்டர் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

“ஏனுங்க, கார்த்திகையும் மார்கழியும் குளிர்ல ஏரிக்குள்ள கையை விட்டுட்டு உக்காந்திருந்தது யாருன்னு அந்தம்மா கேக்கறாங்க. நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?”